முதலாம் ஆண்டுப் பொறியியல் கணிதம்: விடை தெரிகிறது, கணக்குத் தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எவ்வளவு கட்-ஆஃப் என்று தங்கள் நாளிதழும் பிற தமிழ் நாளிதழ்களும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அது தேவையான பணிதான். ஆனால் கல்லூரியில் சேர்ந்த அந்த மாணவர் முதல் பருவத்திலேயே எதிர்கொள்ளும் கணிதத் தாளைப் பற்றி, முடிவுகள் வெளியாகி 'எம்-ஒன் அரியர்' (முதல் பருவக் கணிதத் தாளில் தேர்ச்சி இல்லை) என்ற சொல் வீட்டுக்குள் நுழையும் நாள்வரை, பெரும்பாலும் ஒருவரும் பேசுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த தென்மாவட்டக் கல்லூரிகளில் இருபத்தேழு ஆண்டுகள் அந்தத் தாளையே கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், என் வகுப்பறையில் கண்டதைச் சொல்ல விரும்புகிறேன். சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

மூன்றுக்கு மூன்று வரிசையில் எண்களை அடுக்கிய ஓர் அணி (மேட்ரிக்ஸ்) உண்டு. முதல் நிரை 8, −6, 2. இரண்டாவது −6, 7, −4. மூன்றாவது 2, −4, 3. இணைப்புக் கல்லூரிகளில் படித்த பொறியாளர்கள் உங்கள் அலுவலகத்தில் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதன் ஐகன் மதிப்புகள் 0, 3, 15 என்பதை அவர் கணக்குப் போடாமலேயே சொல்லக்கூடும். (ஓர் அணியால் பெருக்கும்போது திசைக்கோடு மாறாத வெக்டர்கள் அதன் ஐகன் வெக்டர்கள்; அவை எத்தனை மடங்காகின்றன என்பதே ஐகன் மதிப்பு.) அத்தனை வினாத்தாள்களிலும், அத்தனை நோட்ஸ்களிலும், கல்லூரி வாசலில் இருக்கும் அத்தனை ஜெராக்ஸ் கடைகளிலும் அந்த அணி இருக்கிறது. ஓர் ஆண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வில், மூலைவிட்டத்தில் உள்ள 8, 7, 3 ஆகிய எண்களோடு மட்டும் ஒவ்வொன்றைக் கூட்டி, 9, 8, 4 என்று மாற்றிக் கொடுத்தேன். மற்ற எண்களைத் தொடவில்லை. இப்படி மாற்றினால் ஐகன் மதிப்புகளும் ஒவ்வொன்று கூடி 1, 4, 16 ஆகிவிடும். ஐகன் வெக்டர்கள் மாறவே மாறா. அதாவது, நோட்ஸை மனப்பாடம் செய்தவருக்கும் முக்கால்வாசி விடை கையில் இருந்தது.

வகுப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர் 0, 3, 15 என்றே எழுதியிருந்தார்கள். சிலர் ஐகன் மதிப்புகளைத் தரும் சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுதும்போது 21 என்ற கெழுவைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டு, அடுத்த வரியில் பழைய விடையை எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டு முடித்திருந்தார்கள். என்னை வருத்தியது அதுவன்று. அதே விடைத்தாள்களின் முதல் பக்கத்தில், இரண்டு மதிப்பெண் வினா ஒன்றுக்கு, 'ஓர் அணியின் ஐகன் மதிப்புகளின் கூடுதல், அதன் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்குச் சமம்' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். ஒன்பதும் எட்டும் நான்கும் இருபத்தொன்று. பூஜ்யமும் மூன்றும் பதினைந்தும் பதினெட்டு. முதல் பக்கத்தில் எழுதிய வாக்கியத்தைக் கொண்டு நான்காம் பக்கத்தில் எழுதிய விடையைச் சோதிக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தோன்றாததற்கு அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை ஒரு கருவியாக யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை. 'பார்ட் ஏ' வினாவுக்கான விடையாக மட்டுமே கொடுத்திருந்தோம். அப்படிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஏன் அப்படிக் கொடுக்கிறோம் என்பதற்கு விடை வினாத்தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. 2008, 2013, 2017, 2021 எனப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறைகள் மாறிக்கொண்டே வந்தன. பாடத்தின் பெயரும் 'பொறியியல் கணிதம் ஒன்று' என்பதிலிருந்து, நான் கடைசியாகக் கற்பித்த 2021 விதிமுறைகளில், 'அணிகளும் நுண்கணிதமும்' என்று மாறியது. ஆனால் ஐந்து அலகுகள், அலகுக்கு இரண்டு குறுவினாக்கள், அலகுக்கு ஒரு பெரிய வினா, ஒவ்வொரு பெரிய வினாவிலும் ஓர் 'அல்லது' என்ற சட்டகம் அசையவில்லை. இந்தச் சட்டகத்தில் மூன்று அலகுகளை மட்டும் படித்து, இரண்டை முற்றாகக் கைவிட்ட ஒருவர் ஐம்பதுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணுக்கு விடை எழுதிவிட முடியும். 2021 விதிமுறைகளின்படி, பல்கலைக்கழகத் தேர்வில் தேர்ச்சிக்குத் தேவை நூற்றுக்கு 45. உள்மதிப்பீட்டையும் சேர்த்து 50. எனவே 'எந்த மூன்று அலகு?' என்பதே செப்டம்பர் மாதத்திலிருந்து மாணவர் கேட்கும் முதல் கேள்வியாகிறது. பெருக்கத் தொகையீடு (மல்டிபிள் இன்டக்ரல்) வரும் ஐந்தாம் அலகைப் பலர் கையால்கூடத் தொடாமல் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பொருளின் நிறைமையத்தையும் நிலைமத் திருப்புத்திறனையும் கணக்கிட அதே தொகையீடு அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

பள்ளியின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பின் கணித மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றி, இருநூற்றுக்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறோம். நுழைவுத் தேர்வை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அது கிராமப்புறப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கில் பதினொன்றாம் வகுப்புக்கு இடமே இல்லை. முதல் பருவப் பொறியியல் கணிதமோ பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது. சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்கேதான் விரிவாக வருகின்றன. ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, அதையே இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடத்திச் சென்டம் வாங்க வைக்கும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் இருந்ததை எல்லோரும் அறிவோம். பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18ஆம் கல்வியாண்டில் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதே இந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான். அந்தத் தேர்வு இருந்த ஆண்டுகளிலும், கட்-ஆஃப்பில் சேராத ஒரு பாடத்துக்கு எவ்வளவு உழைப்புச் சென்றது என்பதைப் பெற்றோர்கள் தங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இதன் விளைவு விசித்திரமானது. என்னிடம் வந்த மாணவர்கள் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். கடினமான தொகையீட்டைப் பகுதித் தொகையிடல் சூத்திரம் கொண்டு மளமளவென்று எழுதுவார்கள். ஆனால் ஒன்றை இரண்டு எண்களின் கூடுதலால் வகுப்பது, ஒன்றை ஒவ்வொன்றாலும் தனித்தனியே வகுத்துக் கூட்டுவதற்குச் சமம் என்று, கூச்சமில்லாமல், நடு வரியில் எழுதிவிடுவார்கள். இரண்டு வர்க்கங்களின் கூடுதலுக்கு வர்க்கமூலம் எடுக்கும்போது, வர்க்கத்தைத் தனித்தனியே கழற்றிவிட்டு வெறுமனே கூட்டிவிடுவார்கள். இதையே எண்களாகக் கேட்டால், மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்து இருபத்தைந்து, அதன் வர்க்கமூலம் ஐந்து என்று சரியாகச் சொல்பவர்தான், எழுத்துகளாகக் கேட்டால் ஏழு வரும் வழியில் போகிறார். அவருக்கு எழுத்து என்பது எண்ணின் இடத்தில் நிற்பது என்ற உணர்வே எங்கோ நழுவியிருக்கிறது. இந்தப் பிழை பன்னிரண்டாம் வகுப்பில் பிறந்ததன்று. ஒன்பதாம் வகுப்பில் பிறந்து, மதிப்பெண்களின் அடியில் பத்திரமாக வளர்ந்து வந்தது.

பணியின் கடைசிப் பத்தாண்டுகளில் முதல் நாள் வகுப்பில் இருபது வினாக்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து வந்தேன். பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் கிடையாது. பின்னங்களைக் கூட்டுவது, அடுக்குக்குறி விதிகள், ஒரு நேர்க்கோட்டின் சாய்வு, 30 பாகையின் சைன் மதிப்பு, ஒரு வளைவரையைப் பார்த்து அது எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று சொல்வது என எல்லாம் எளியவைதாம். எந்த வினாவில் வகுப்பு தடுமாறுகிறது என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். அதற்கேற்ப முதல் மூன்று வாரங்களை அமைத்துக்கொள்வேன். 'மேடம், போர்ஷன் எப்போ முடிப்பீங்க?' என்று துறைத்தலைவர் கேட்பார்; சொல்லிச் சமாளிப்பேன். அந்த மூன்று வாரங்களுக்குப் பின் அலகுகள் வேகமாகவே நகர்ந்தன என்பது என் அனுபவம். எல்லா ஆசிரியருக்கும் இப்படிச் சமாளிக்கும் சுதந்திரம் இருக்காது. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு ஒன்றரை அலகு முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டளை வந்துவிட்டால், புதிதாகச் சேர்ந்த ஒரு விரிவுரையாளர் என்ன செய்வார்?

தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021இல் சட்டமான பிறகு, இவர்களின் எண்ணிக்கை எங்கள் வகுப்புகளில் கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. மகிழ்ச்சியான மாற்றம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி முதல் மாதம் முழுவதும் வாயே திறக்கவில்லை. உள்மதிப்பீட்டில் ஏழு மதிப்பெண். அழைத்து உட்காரவைத்து, 'பகுதி வகைக்கெழு என்றால் என்னம்மா?' என்று கேட்டேன். இரண்டு மாறிகள் கொண்ட சார்பில் ஒன்றை மாறிலியாக வைத்துக்கொண்டு மற்றதைப் பொறுத்து வகையிடுவது என்று, ஓர் எடுத்துக்காட்டோடு, தெளிவாகச் சொன்னாள். மூன்று வாரமாக நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' அதுதான் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியவில்லை. அணிதான் மேட்ரிக்ஸ், எல்லைதான் லிமிட், சார்புதான் ஃபங்ஷன், நிரைதான் ரோ என்று ஏறக்குறைய எண்பது சொற்களை இரண்டு பக்கத்தில் அச்சிட்டு, அடுத்த ஆண்டு முதல் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் கொடுத்தேன். எனக்கு ஒரு மாலை நேரம்தான் செலவானது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கில வழியில் சேரும் தமிழ்வழிப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட இரண்டு பக்கத் தாளாவது எல்லாக் கல்லூரியிலும் கிடைக்க வேண்டாமா?

இனி நேரத்தின் கணக்கு. 2021 பாடத்திட்டத்தில் இந்தத் தாளுக்கு வாரம் மூன்று விரிவுரைப் பாடவேளைகளும் ஒரு டியூட்டோரியல் பாடவேளையும், ஆக மொத்தம் பருவத்துக்கு 60. அலகு ஒன்றுக்கு 9 விரிவுரையும் 3 டியூட்டோரியலும். காகிதத்தில் இது நியாயமான பங்கீடு. நடைமுறையில் டியூட்டோரியல் என்று ஒன்று நடந்து நான் பார்த்தது அரிது. அறுபது பேரும் அதே அறையில், அதே வரிசையில் இருக்க, விரிவுரையில் முடியாத கணக்கை ஆசிரியர் பலகையில் எழுதி முடிக்கும் வேளையாக அது மாறிவிட்டது. மாணவர் தாமே பேனாவைப் பிடித்துத் தவறு செய்து, அந்தத் தவறை ஆசிரியர் அருகில் நின்று பார்த்துத் திருத்தவே அந்த ஒரு மணி நேரம் வைக்கப்பட்டது. நீச்சலைக் கரையில் நின்று பார்த்துக் கற்றவர் யாருமில்லை. முதலாம் ஆண்டின் தொடக்கத்தில் நடத்தப்படும் அறிமுகப் பயிற்சியிலும் இதே நிலைதான். யோகா, ஆளுமை வளர்ப்பு, விருந்தினர் உரை எல்லாவற்றுக்கும் நாள் இருக்கிறது, பின்னங்களுக்கு இல்லை.

கணிதத்தைப் பொறியியலிலிருந்து பிரித்துக் கற்பிப்பதால் ஏற்படும் இழப்பு இதைவிடப் பெரிது. கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் பொருள்களின் வலிமை என்ற பாடத்தில் முதன்மைத் தகைவுகளை (ஒரு புள்ளியில் பொருளை இழுக்கும் தகைவின், அதாவது ஸ்ட்ரெஸ்ஸின், பெரும, சிறும அளவுகளை) கண்டுபிடிக்கிறார்கள். ஒரு புள்ளியில் கிடைத்திசையில் 80 மெகாபாஸ்கல், செங்குத்துத் திசையில் 20, ஷியர் தகைவு 40 என்று கொடுத்தால், அதற்கான வரைபட முறையான மோர் வட்டத்தை வரைந்து 100, 0 என்று விடை காண்பார்கள். அது 80, 40, 40, 20 என்ற இரண்டுக்கு இரண்டு அணியின் ஐகன் மதிப்புகளே; மூலைவிட்டக் கூடுதல் 100, ஐகன் மதிப்புகளின் பெருக்கலுக்குச் சமமான அணிக்கோவை (டிடெர்மினன்ட்) பூஜ்யம், எனவே மதிப்புகள் 100, 0 என்று மனத்திலேயே சொல்லிவிடலாம். எந்தத் திசையில் அந்தப் பொருள் மிக அதிகமாக இழுபடுகிறது என்பதைச் சொல்வது ஐகன் வெக்டர். முதல் பருவத்தில் வெக்டரைக் கண்டுபிடித்தவரும், இரண்டாம் ஆண்டில் வட்டம் வரைபவரும் ஒரே ஆள்தான். இரண்டும் ஒன்று என்று அவரிடம் சொல்லக் கணித ஆசிரியருக்குப் பொருள்களின் வலிமை தெரியாது. மற்ற ஆசிரியருக்கு அது தம் வேலை என்று தோன்றாது. என் மாணவர் ஒருவர் படிப்பு முடித்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பேருந்தில் சந்தித்தபோது, 'மேடம், ஐகன் வேல்யூ எதுக்குன்னு வேலைக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சது' என்றார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

கணினிப் பிரிவு மாணவர்களுக்கும் இதே கதைதான். ஒரு பெரிய அணியின் முதன்மையான ஐகன் வெக்டரைக் கண்டுபிடிப்பதுதான் கூகுள் தேடுபொறி தொடங்கிய காலத்தில் இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்திய முறையின் கரு. அதைக் கணக்கிடும் அடுக்கு முறை (பவர் மெத்தட்) 2021 பாடத்திட்டத்தின் இரண்டாம் பருவத்தில் 'புள்ளியியலும் எண்சார் முறைகளும்' என்ற தாளில் ஒரு பதினாறு வரிக் கணக்காக வந்து போகிறது. முதல் பருவத்தில் படித்ததற்கும் இதற்கும் உறவு உண்டு என்பதை, இரண்டு தாள்களின் பாடத்திட்டத்திலும் வரும் 'ஐகன்' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் மாணவருக்குக் காட்டுவதில்லை.

பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்கள் இந்த முதலாண்டுத் தாள்கள் இரண்டையும் எழுதுவதே இல்லை. பல பிரிவுகளில் மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடருக்கும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்கும் நேரே வந்து விழுகிறார்கள். பட்டறையில் மற்ற எல்லோரையும்விடக் கை தேர்ந்தவர்கள் அவர்களே. கணித வகுப்பில் கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருப்பவர்களும் அவர்களே. அவர்களுக்குச் சேரும் முன் ஒரு மாத இணைப்புப் பாடம் வைப்பது ஒன்றும் இயலாத செயல் அன்று.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை. அறுபது பாடவேளைகளில் முதல் பன்னிரண்டை, அதாவது மூன்று வாரத்தை, பள்ளி இயற்கணிதத்துக்கும் முக்கோணவியலுக்கும் வளைவரை வரைதலுக்கும் அதிகாரப்பூர்வமாக ஒதுக்க வேண்டும். டியூட்டோரியலை இருபது இருபது பேராகப் பிரித்து நடத்த வேண்டும். ஒவ்வொரு வினாத்தாளிலும் ஒரு பெரிய வினாவாவது, 'அல்லது' இல்லாமல், இதுவரை எந்த வினாத்தாளிலும் வராத எளிய வினாவாக, மாணவர் தம் விடையைத் தாமே சோதித்துக் காட்டும்படி இருக்க வேண்டும். கடினமான வினா வேண்டாம். தெரியாத வினா போதும்.

பன்னிரண்டு பாடவேளையை எங்கிருந்து எடுப்பது என்று என் பழைய சக ஆசிரியர்கள் கேட்பார்கள். என் விடை அவர்களுக்குப் பிடிக்காது. ஐந்து அலகிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கலாம். முதலில் குறைக்க வேண்டியது, மூன்று மாறிகளைக் கொண்ட இருபடி வடிவத்தை (எல்லா உறுப்புகளும் இரண்டாம் படியில் உள்ள கோவையை) செங்குத்து உருமாற்றத்தால் நியம வடிவத்துக்கு, அதாவது வர்க்கங்கள் மட்டும் உள்ள வடிவத்துக்கு, கொண்டுவரும் கணக்கு. விடைத்தாளில் மூன்று பக்கம் பிடிக்கும், மதிப்பெண்ணை அள்ளித் தரும், மாணவர்களின் மனத்துக்கு நெருக்கமான அந்தக் கணக்கில் ஒரு படிநிலைகூட எதற்காக என்று கேட்காமலேயே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அதற்குப் பதிலாக மூலைவிட்டத்தில் 5, 2, மற்ற இரண்டு இடங்களிலும் 2 என்று வரும் சிறிய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்புகள் 6, 1. அதற்குரிய இருபடி வடிவத்தை 6க்குச் சமமாக வைத்து வரைபடத் தாளில் வரையச் சொன்னால், சாய்ந்து கிடக்கும் ஒரு நீள்வட்டம் கிடைக்கும். அதன் சாய்வைச் சொல்வது ஐகன் வெக்டர்கள்; அரை அச்சுகளின் நீளம் 1 என்பதையும் 6இன் வர்க்கமூலம் என்பதையும் சொல்வது ஐகன் மதிப்புகள். நீள்வட்டம் பன்னிரண்டாம் வகுப்பிலேயே அவர்களுக்குப் பழக்கமானது. ஒரே ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம், நான் முடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி.